தவளைக் காரின் சாவி

1. காருக்கு அடியில்

தவளை வந்த அன்று நான் பெரிய காருக்கு அடியில் படுத்து சைலன்சர் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் முதலில் என் கண்ணில் பட்டது அதன் சக்கரங்கள் மட்டும்தான். இதென்ன பொம்மை வண்டியா என்று நினைக்கும்படி அத்தனை சின்ன சக்கரங்கள். "மொதலாளி, இதுக்குப் பெட்ரோல் ஊத்தணுமா, புல்லுப் போடணுமா?" என்று டிரைவர் ரத்தினம் கேட்டது காதில் விழுந்தது. ஷெட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டு மேல் வேடியப்பன் என்பவரின் டாக்சி ஷெட். அதுவரை அவரிடம் இருந்தது ஒரே ஒரு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு துரையிடமிருந்து இந்த எட்டு எச்.பி. சின்னக் காரைச் சல்லிசாக வாங்கிவந்திருந்தார். நாலே சிலிண்டர். முன்னால் இரண்டு விளக்கும் முழி பிதுங்கி நிற்கும். அன்று சாயங்காலத்துக்குள் தவளை என்று பெயர் விழுந்துவிட்டது.

என் பெயர் திம்மராயன். மத்தூர்ப் பக்கம் பண்ணைக் கூலி வேலை செய்கிற குடும்பம். சண்டைக் காலத்தில் பெங்களூர் மிலிட்டரி ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் வேலையும், லாரி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். நீ எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். சண்டை முடிந்து கிருஷ்ணகிரிக்கு வந்தால் முதல் கேள்வியே தெருவைப் பற்றித்தான். லைசென்சை எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும்டா. நீ ஓட்டுனா கல்யாணப் பார்ட்டி ஏறாது" என்றார் வேடியப்பன். நான் காருக்கு அடியில் படுக்கலாம், ஸ்டீயரிங் முன்னால் உட்காரக் கூடாது. அது அந்த ஷெட்டின் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. சாவியை அவர் என் கையில் கொடுக்க மாட்டார். தரையில் போடுவார், நான் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் நான் அதை பானெட் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ரத்தினத்துக்கு மட்டும் கைக்குக் கை. பொத்துக்கொண்டு வரும் கோபத்தை விழுங்கிக்கொண்டு நானும் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

தவளையை ஓட்ட ரத்தினம் ஒப்பவில்லை. அவர் சேலத்திலிருந்து வந்தவர், வெள்ளை யூனிபாரம், தொப்பி, பூட்ஸ். உள்ளே உட்கார்ந்தால் தொப்பி இடிக்கிறது என்றார். நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். வேடியப்பன் சிரித்தார், அப்புறம் கொஞ்சம் யோசித்தார். ஆடி முடிகிற வரைக்கும் ஓட்டிப் பார், அதற்குள் அது தன் பெட்ரோலைத் தானே சம்பாதிக்காவிட்டால் இஞ்சினைக் கழற்றி மத்தூர்ப் பண்ணைக்காரருக்கு விற்றுவிடுவேன் என்றார். பண்ணைக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு இஞ்சின் தேடிக்கொண்டிருந்தார். என் அப்பா மாடு கட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைக்கிற அதே கிணறு.

"இஞ்சினோட சேத்து உன்னையும் அனுப்பிடறேன். அதை ஓட்ட ஆள் வேணுமில்ல?" என்றார் வேடியப்பன்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தது இரண்டே இடம். ஒன்று ஸ்டீயரிங், இல்லையென்றால் பண்ணைக் கிணறு. செத்தாலும் அந்தக் கிணற்றுக்குத் திரும்பிப் போவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

2. காப்பிக்கொட்டை நிறம்

தவளையைப் பிரித்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர், யாரோ ஒரு புண்ணியவான் அதில் பெரிய ஜெட்டைப் போட்டு வைத்திருந்தான். மேட்டில் வண்டி இழுக்கவில்லையா, ஜெட்டைப் பெரிசு பண்ணு. அதுதான் அந்தக் காலத்து வைத்தியம். பெட்ரோல் பாதி எரியும், பாதி புகையாகப் போகும். சோக் ஒயர் துருப்பிடித்துப் பாதியில் சிக்கி நின்றது. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்தது. இஞ்சின் ஒருபக்கம் இழுக்க, பிரேக் ஒருபக்கம் பிடிக்க, இந்த லட்சணத்தில் சின்னக் கார் பெட்ரோல் குடிக்கிறது என்று பழி வேறு.

ஜெட்டை ஈயம் வைத்து அடைத்தேன். மெல்லிய ஊசியைக் கையால் திருகித் திருகித் திரும்பத் துளை போட்டேன். துளை சரியா இல்லையா என்று சொல்ல எனக்கு மிஷின் கிடையாது, தீப்பொறி அடிக்கிற பிளக்தான் உண்டு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்க்க வேண்டும். கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடேறி வால்வு கருகிவிடும். காப்பிக்கொட்டையை வறுத்த நிறத்தில் இருந்தால் சரி. இதில் கவனமாக இருங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று இஞ்சினைப் பட்டினி போட்டவர்கள் பிறகு வால்வுக்கு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

டேப்பட் இடைவெளி பார்த்தேன், பாயிண்ட் தேய்த்து டைமிங் வைத்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு, தடையில்லாமல் சுற்றுகிறவரை பிரேக்கைத் தளர்த்தினேன். கூரை மேல் இருந்த இரும்புக் கேரியரைக் கழற்றி மூலையில் எறிந்தேன். டயரில் காற்று குறையவே விடமாட்டேன்.

முதலாளி முன்னால் நான் செருப்புப் போடக் கூடாது என்பதும் ஷெட் சட்டம். சரி, இதையும் நம் பக்கம் திருப்பிக்கொள்வோம் என்று வெறுங்காலில் ஓட்டினேன். ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்பது வெறுங்காலுக்குத் தெரிகிற மாதிரி ரத்தினத்தின் பூட்சுக்குத் தெரியாது. பெரிய கார் ஒரு காலனில் பாதி வழியில் இருக்கிற சூளகிரியைக்கூடப் பார்க்காது. தவளை அதே ஒரு காலனில் ஓசூரில் போய் நிற்கும்.

3. மூன்று பேர் போதும்

கார் தயார். யார் ஏறுவது? அதுதான் அடுத்த வழக்கு.

அப்போது எங்கள் பக்கம் ரயில் கிடையாது, பஸ்ஸும் எப்போதோ ஒன்று. டாக்சி ஸ்டாண்டில் ரத்தினம் "ஓசூர், ஓசூர்" என்று கூவி ஆள் சேர்ப்பார். உட்காரும் இடம் நிரம்பி, மடியிலும் ஆள் ஏறிய பிறகுதான் வண்டி நகரும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பாதி ஆளோடு போனால் அந்த எட்டு சிலிண்டர் குடிக்கிற பெட்ரோலுக்கே வரும்படி போதாது. முதலில் ஏறியவர்கள் வெயிலில் வெந்துகொண்டு கிடப்பார்கள். கல்யாண மாதங்களில் பெரிய கார் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்ச் சம்பாதிக்கும். மற்ற மாதமெல்லாம் சம்பாதித்ததைத் தின்றே தீர்க்கும்.

தவளைக்கு மூன்று பேர் போதும். மூன்று பேர் ஏறினால் பெட்ரோலும் தேறும், முதலாளிக்கும் மிஞ்சும். மூன்று பேர் சேர எவ்வளவு நேரமாகும்? சின்னக் காரின் லாபம் அந்தக் காத்திராத நேரத்தில் இருந்தது. இதை வேடியப்பனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, ஓட்டிக் காட்டத்தான் முடிந்தது.

ஸ்டாண்டில் என்னை நிறுத்த விடவில்லை. போங்கடா என்று ஆஸ்பத்திரிக்கு எதிரில் போய் நிறுத்தினேன். முதலில் ஏறியவர் ஞானம்மா என்கிற நர்ஸ். வாரத்தில் சில நாள் சூளகிரிக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர். இது எப்போது கிளம்பும் என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர் வந்தால் கிளம்பும் என்றேன். நம்பாமல்தான் ஏறினார். அப்புறம் ஓசூர்ப் பட்டுக்கூடு வியாபாரி ஒருவர் வாடிக்கையானார். வழியெல்லாம் தெலுங்கில் விலைவாசியைத் திட்டிக்கொண்டே வருவார்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து, என் ஊரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, பிறகு ஏதோ மறந்துவிட்டாற்போல இறங்கிப் போனார். "நடந்தே போங்க சாமி, காலுக்கு நல்லது" என்று சத்தமாகவே சொன்னேன். ஓசூர் ஸ்டாண்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் என்னைத் திட்டினார்கள். மூன்றும் எனக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றிலும் திருப்பிக் கொடுத்தேன்.

4. மேலுமலை இறக்கம்

அளந்து ஊற்றிய பெட்ரோலில் தினமும் மிச்சம் வந்தது. வேடியப்பனுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம் வந்தது. நான் ஓசூர் போகாமல் சூளகிரியிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிறேனோ என்று. ஒரு நாள் அவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். போகும்போது வழியெல்லாம் மைல்கல்லை எண்ணிக்கொண்டு வந்தார். ஓசூரில் இறங்கி, பெட்ரோல் டாங்கியில் குச்சி விட்டு எடுத்து, நனைந்த அளவைப் பார்த்தார். திரும்பும்போது முகத்தில் வேறு களை. பின்சீட்டில் வியாபாரியும், சூளகிரியில் ஏறிய நர்ஸம்மாவும்.

ஓசூரிலிருந்து வரும்போது மேலுமலையில் ரோடு வளைந்து வளைந்து கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம். உச்சியில் இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியை அப்படியே உருளவிடுவார்கள். பெட்ரோல் செலவில்லாமல் அடிவாரம் போய்விடலாம். முதலாளிகளே சொல்லிக்கொடுக்கிற பழக்கம் அது. கியர் பிடிமானம் இல்லாத வண்டியின் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். பாதி இறக்கத்திலேயே பிரேக் டிரம் காய்ந்து, மிதித்தால் மிதி கேட்காது. அடிவாரத்துப் பள்ளத்தில் எத்தனை வண்டி கிடந்தது என்று ஊரே பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு மறுநாள் மறுபடி அணைப்பார்கள்.

உச்சி வந்ததும் வேடியப்பன் அணைக்கச் சொன்னார். நான் செகண்ட் கியருக்கு மாற்றினேன்.

"அணைடான்னு சொல்றேன்."

"ஆவாதுங்க. காலை எடுத்துட்டா இஞ்சின் சொட்டுப் பெட்ரோல்தான் குடிக்கும். அந்தச் சொட்டுக்காவ நாலு உசுரு போவணுமா?"

நான் சொன்னது உண்மை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் சக்கரம்தான் இஞ்சினைச் சுழற்றும், செலவாவது ஐட்லிங் ஜெட்டில் கசிகிறது மட்டும். அந்தக் கசிவே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற கூலி. அவர் கேட்கிற நிலையில் இல்லை. எட்டி டேஷ்போர்டில் இருந்த சாவியின் மேல் கை வைத்தார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

மெதுவாகத்தான் தட்டினேன். ஆனால் தொட்டுவிட்டேன். அடுத்த வளைவு திரும்பினால் ரோட்டின் குறுக்கே புளி ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, முதல் வண்டியின் மாடு நுகத்தோடு படுத்துவிட்டது. கியரில் முனகிக்கொண்டு வந்த தவளை, பிரேக்கில் கால் வைத்ததும் வண்டிக்காரனுக்குப் பேச்சுக் கேட்கும் தூரத்தில் நின்றது. "மாதா காப்பாத்துனா" என்றார் நர்ஸம்மா. வேடியப்பன் நான் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார்.

5. தரையில் கிடந்த சாவி

உயிர் பிழைத்ததற்கு நன்றி வரும் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் தவளையின் சாவி ரத்தினம் கைக்குப் போனது.

தண்டனை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் அப்போதே கண்டுகொண்டேன். தவளை சம்பாதிக்கிறது என்று தெரிந்துவிட்டது. சம்பாதிக்காத வரைக்கும் அது என் கார், சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவர்கள் கார். இந்த வித்தையை, இதைப் படிக்கிற பிள்ளைகளே, நீங்களும் உங்கள் பாக்டரிகளில் பார்ப்பீர்கள்.

ரத்தினம் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தவளையில் ஏறினார். பெரிய காரை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். மூன்று பேர் ஏறக்கூடிய வண்டியில் ஏழு பேரை அடைத்து, அதற்காக ஸ்டாண்டில் காத்துக் கிடந்தார். மேட்டில் இழுக்கவில்லை என்று எங்கிருந்தோ ஒரு பெரிய ஜெட்டைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டார். இறக்கத்தில் அணைத்துவிட்டு உருட்டினார். பெட்ரோல் தண்ணீராகச் செலவானது. சின்னக் காரும் பெரிய காரும் ஒன்றுதான் என்று வேடியப்பனே சொல்ல ஆரம்பித்தார்.

ஆடி பிறந்து சில நாளில் தவளை ஷெட்டிலேயே நின்றுபோனது. பிளக் நாலும் கரி, பிரேக் ஷூ தீய்ந்து நாற்றம். கல்யாணமில்லாத மாதம், பெரிய கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வேடியப்பன் சாவியை என் காலடியில் போட்டு, அடியில் போய்ப் பார் என்றார்.

"படுக்க மாட்டேன் மொதலாளி," என்றேன். "சரி பண்ணித் தர்றேன். ஆனா பண்ணா நான்தான் ஓட்டுவேன்."

அவர் மேல்துண்டை உதறிவிட்டு, இஞ்சினை எடுத்துக்கொள்ளச் சொல்லி மத்தூர்ப் பண்ணைக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை இஞ்சினை ஏற்றிப்போக மாட்டுவண்டி வந்தது. ஓட்டி வந்தவர் என் அப்பா. பண்ணைக்காரர் பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏதோ நடக்கிறது என்று ஸ்டாண்டே ஷெட் வாசலில் கூடிவிட்டது. நர்ஸம்மா தோல்பையோடு ஓரமாக நின்றார், அவருக்குச் சூளகிரி போக வேண்டும். கூடவே பட்டுக்கூடு வியாபாரி. சாவி நேற்றுப் போட்ட இடத்திலேயே கிடந்தது.

இஞ்சினைக் கழற்றச் சொன்னார் பண்ணைக்காரர். கழற்றவும் மாட்டேன் என்றேன். ரத்தினத்தைப் பார்த்தார்கள். அவருக்கு ஓட்டத் தெரியும், ஜெட்டைத் திருகத் தெரியும், இஞ்சின் இறக்கத் தெரியாது. "நமக்கு அந்த வேலை தெரியாதுங்க" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார், அந்த ஒரு விஷயத்தில் நல்ல மனுஷன்.

பண்ணைக்காரர் என்னிடம் பேசாமல் அப்பாவிடம் திரும்பினார். உன் மகனுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, சொல்லி வை என்றார். அப்பா சாட்டையை வண்டியிலேயே வைத்தார். எனக்காக ஒரு வார்த்தை அதிகம் பேசினால் வீட்டில் அடுப்பு எரியாது, அது எனக்கும் தெரியும். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார், சாவியை எடுத்து என்னிடம் தருவதற்காகத் தரையை நோக்கிக் குனிந்தார்.

"அப்பா, நீ குனியாத."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது. அப்பா பாதி குனிந்தபடி நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்தார். நான் வேடியப்பனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

யாரும் எனக்காகப் பரிந்து பேசவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யார் ஓட்டுனா எனக்கென்னங்க? இவன் ஓட்டுனப்ப நேரத்துக்குப் போனேன். அவ்வளவுதான்" என்றார். வியாபாரி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மூட்டையைத் தவளையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

வேடியப்பன் தார்ப்பாய் போர்த்திய பெரிய காரைப் பார்த்தார். அந்த இரண்டு பேரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், மேலுமலையில் அவர் கையைத் தட்டிய அதே கை. அப்புறம், தொப்பை இடிக்க, மூச்சு வாங்க, அவரே குனிந்து சாவியை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் பட்டது.

"ஒழுங்கா ஓட்டு," என்றார்.

"அதைத்தாங்க ஓட்டிக்கிட்டிருந்தேன்," என்றேன்.

எல்லோர் முன்னாலும் ஜெட்டை மாற்றினேன். பிளக்கைச் சுரண்டி மாட்டினேன், ஷூவை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தேன். அடியில் படுத்துத்தான் செய்தேன். அந்த முறை நானாகப் படுத்தேன். தவளை ஒரு திருப்பில் எழுந்தது. நர்ஸம்மா ஏறினார், வியாபாரி ஏறினார். மூன்றாவது ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தால், முன்பு என் அப்பா பெயரைக் கேட்டு இறங்கிப் போனவர் கூட்டத்தில் நிற்கிறார். அவருக்கும் ஓசூரில் அவசர வேலை. கதவைத் திறந்துவிட்டேன், ஏறிக்கொண்டார்.

வேடியப்பன் திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை, கூலியை மட்டும் கடைசிவரை தரையில்தான் வைத்துப் பார்ப்பார், அவரே எடுத்துக் கையில் தரும்வரை நானும் தொடாமல் நிற்பேன். ஆனால் அடுத்த ஆடிக்குள் பெரிய காரை விற்று இன்னொரு சின்னக் கார் வாங்கினார். அதன் சாவியையும் முதலில் என் கையில்தான் கொடுத்தார், டியூன் பண்ண வேண்டுமே.

மைலேஜ் மைலேஜ் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன இஞ்சின் கொஞ்சம் குடித்து நிறைய ஓடும், ஆனால் அதை அடைத்து ஏற்றினாலும், அவசரப்பட்டு மிதித்தாலும், இறக்கத்தில் அணைத்தாலும் அது பெரிய இஞ்சினைவிட மோசமாகச் செலவு வைக்கும். வண்டியைப் பார்த்து வாங்குங்கள், ஓட்டுகிறவனையும் பார்த்து வையுங்கள். வேலை தெரிந்தவர்களே, தரையில் போட்டதை எடுக்காதீர்கள். கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள், கொஞ்சம் நேரமாகும்.

அன்று அப்பா காலி வண்டியை மத்தூருக்குத் திருப்பி ஓட்டிப்போனார். பண்ணைக்காரரிடம் அடியும் ஏச்சும் வாங்கியிருப்பார், என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஓசூர் ரோட்டில் தவளையைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். கூட்டத்தைத் தாண்டி, வண்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்து மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.